சின்ன முள், சின்னக் குண்டு: பாஸ் தூண்டிலின் கதை

சின்ன மீனைப் போட்டுத்தான் பெரிய மீனைப் பிடிக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் சின்ன மீனைக்கூடப் போடுவதில்லை. ரப்பர் போல நெளியும் ஒரு பிளாஸ்டிக் புழுவைப் போடுகிறார்கள்! அந்தப் புழுவுக்கு எந்த முள், எத்தனை கிராம் குண்டு என்பதில்தான் அவர்களுடைய வித்தை இருக்கிறது. இதற்குப் பின்னால் எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊர் கொடுவா மீனை ஆங்கிலத்தில் சீ பாஸ் என்பார்கள். இது அது அல்ல. இங்கே பேசுவது லார்ஜ்மவுத் பாஸ் என்ற வட அமெரிக்க நன்னீர் மீனைப் பற்றி. இது நீர்ச்செடிகளுக்கும் மூழ்கிய மரங்களுக்கும் நடுவே மறைந்து நின்று, இரை அருகில் வந்ததும் பெரிய வாயைத் திறந்து உறிஞ்சிக் கொள்ளும்.

1949ல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தன் மனைவியுடன் சேர்ந்து பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றி மண்புழு செய்தார். அதுவரை செயற்கை இரைகள் பெரும்பாலும் மரத்திலோ உலோகத்திலோ இருந்தன. கடித்ததும் பொய் என்று தெரிந்து மீன் துப்பிவிடும். மெத்தென்ற புழுவை அது கூடுதலாகச் சில நொடிகள் வாயில் வைத்திருந்தது. அந்த நொடிகள்தான் தூண்டில்காரருக்கு லாபம்.

ஆனால் வெளியே நீட்டிக் கொண்டிருந்த முட்கள் செடிகளில் சிக்கின. அணை கட்டியதால் காடுகள் மூழ்கிய டெக்சாஸ் ஏரிகளில் இது பெரிய தொல்லை. அங்கே பிறந்த தீர்வுதான் டெக்சாஸ் ரிக். முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே செருகிவிடுவார்கள். அதற்கு முன்னால் துப்பாக்கித் தோட்டா வடிவ ஈயக்குண்டு ஒன்று நரம்பில் வழுக்கிக் கொண்டிருக்கும். முள் புழுவைக் கிழித்துக் கொண்டு மீனின் வாயில் ஏற வேண்டுமே! அதனால் பெரிய தடித்த முள், தடித்த நரம்பு, விறைப்பான கோல். செடிகளைத் துளைத்து இறங்க 7 முதல் 14 கிராம் வரை குண்டு.

பிறகு ஏன் எல்லாம் சிறுத்தது? போட்டிகள் ஒரு முக்கியக் காரணம். 1967ல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் பெரிய பாஸ் போட்டியை நடத்தினார். அடுத்த ஆண்டு பாஸ் மீன்பிடிப்போர் சங்கத்தைத் தொடங்கினார். 1972ல் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைத் தன் போட்டிகளில் கொண்டு வந்தார். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு முறை முள் குத்திய மீன் அடுத்த முறை எச்சரிக்கையாகிவிடுகிறது. படகுகளும் பெருகின. மேற்கு மாநிலங்களின் தெளிந்த நீரில் தடித்த நரம்பு பளிச்சென்று தெரிந்தது.

டென்னசியைச் சேர்ந்த சார்லி ப்ரூவர், சின்னப் புழுவை இலேசான குண்டோடு கட்டி, ஆட்டாமல் அசைக்காமல் மெதுவாக இழுக்கும் முறையைப் பரப்பினார். கலிபோர்னியாவில் டான் ஐயோவினோ போன்றவர்கள் ஆழமான தெளிந்த ஏரிகளுக்கேற்ற மென்முறைகளை வளர்த்தார்கள். இவற்றுக்குத்தான் ஃபினெஸ் என்று பெயர். ஜப்பானிலும் இதே நெருக்கடி. அங்கிருந்து 1990களில் டிராப் ஷாட் முறை அமெரிக்கா வந்தது. இதில் குண்டு நரம்பின் அடிநுனியில் இருக்கும். முள் அதற்கு மேலே கட்டப்படும். குண்டு தரையில் கிடக்க, புழு மட்டும் நீரில் தனியாக மிதந்து ஆடும்.

இதில் முள்ளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு எளிமையானது. மெல்லிய நரம்பை ஓங்கி இழுத்தால் அறுந்துவிடும். எனவே குறைந்த விசையிலேயே குத்தும் மெல்லிய கம்பி முள் வேண்டும். திறந்த நீராக இருந்தால் கூர்முனை வெளியே தெரியலாம். செடி இருந்தால் மறைக்க வேண்டும். முள்ளின் எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. 1, 2, 4, 6 என்று எண் ஏற ஏற முள் சிறியதாகும். 1/0, 2/0, 3/0 என்று ஏறினால் பெரியதாகும். டெக்சாஸ் ரிக்குக்கு 3/0 என்றால் டிராப் ஷாட்டுக்கு 1 அல்லது 2 போதும்.

குண்டைப் பொறுத்தவரை, இரை விழும் வேகத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ஆழமும் காற்றும் அதிகமானால் எடை கூட வேண்டும். தரையை உணர முடிகிற அளவுக்குள் மிகக் குறைந்த எடையே நல்லது. 1.8 கிராம் குண்டோடு மீன் பிடிப்பவர்களும் உண்டு.

இங்கேதான் கதை கசக்கிறது. லூன் என்ற நீர்ப்பறவை இரையை அரைப்பதற்காக ஏரியடியில் உள்ள சிறு கற்களை விழுங்கும். அறுந்து விழுந்த சின்ன ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். மீனை ஏமாற்றச் சிறிதாக்கிய குண்டு, பறவையின் தொண்டைக்கும் சரியான அளவாகிவிட்டது! ஒரே ஒரு குண்டு போதும், ஈய நஞ்சில் அது செத்துப் போகும். அன்னங்கள் இறந்ததால் பிரிட்டன் 1987லேயே சிறு ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2000ல் ஏரி குளங்களில் 28 கிராமும் அதற்குக் கீழும் உள்ள ஈயக்குண்டுகளைத் தடுத்தது.

மாற்று டங்ஸ்டன். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டனுக்கு 19.3. அதே எடைக்குக் குண்டு இன்னும் சிறியதாகும். கடினமானது என்பதால் அடியில் மணலா பாறையா என்பதும் கைக்குத் தெளிவாகத் தெரியும். விலைதான் அதிகம்.

ஜப்பானின் கதை வேறு விதம். 1925ல் ஆஷி ஏரியில் கொண்டு வந்து விடப்பட்ட பாஸ் நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களைத் தின்றது. 2005ல் நடைமுறைக்கு வந்த அந்நிய உயிரினச் சட்டம் அதை வளர்ப்பதையும் உயிரோடு எடுத்துச் செல்வதையும் தடுத்தது. பீவா ஏரி உள்ள ஷிகா மாநிலம் 2003 முதல் பிடித்த பாஸைத் திரும்ப விடவே கூடாது என்றது. ஒரு நாட்டில் திரும்ப விடுவது தர்மம், இன்னொரு நாட்டில் அதுவே குற்றம்!

மீன் புத்திசாலியாக ஆக, மனிதன் முள்ளையும் குண்டையும் சிறிதாக்கிக் கொண்டே போனான். சின்னப் பொருள்தானே என்று நாம் நீரில் விட்டு வருவது அங்கே யாருக்கு இரையாகும் என்று யோசிக்க மட்டும் நீண்ட காலம் பிடித்தது. குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கிராம் என்பதோடு, அது எதனால் ஆனது என்றும் கேட்பதுதான் இந்த வரலாறு சொல்லும் பாடம்.