சர்ப்பகந்தா வேரும் இரண்டாவது பக்கவாதமும்

உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பது ஆபத்து என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் ஒன்று உண்டு. சுருங்கிய நாளங்களின் வழியே இரத்தம் பாய்வதற்கு அந்த அழுத்தம் இன்றியமையாதது என்று கருதப்பட்டது. ஒருமுறை பக்கவாதம் கண்டவரிடத்தில் இவ்வச்சம் இரட்டித்தது. அழுத்தம் தாழ்ந்தால், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட மூளைக்குக் குருதி போதாமல் போகும் என்பதே அதற்குக் காரணம்.

இவ்வச்சத்தை அசைத்த மருந்துகளுள் ஒன்று இந்திய மண்ணின் வேரிலிருந்து வந்தது. 1931இல் கல்கத்தா மருத்துவர்களான கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா, மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் அவ்வேரைப் பயன்படுத்திக் கண்ட முடிவுகளை பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். அதன்பின் மேலை நாடுகள் அவ்வேரை உற்றுநோக்கின. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர்.

ரெசர்பைனை உள்ளடக்கிய கூட்டு மருந்து அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டு, 1967இல் முடிவுகள் வெளியாயின. மிகையான அழுத்தம் உடைய 143 ஆண்கள் அதில் பங்கேற்றனர். கடும் பாதிப்புகள் வெற்று மாத்திரை பெற்றோரிடம் 27. மருந்து பெற்றோரிடம் 2. அழுத்தத்தைக் குறைப்பது உயிர் காக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களைப் பற்றிய வினா மட்டும் எஞ்சி நின்றது. 1974இல் வெளியான அமெரிக்கக் கூட்டாய்வு, அத்தகைய 452 பேரிடம் ரவுல்ஃபியா இனத்து மருந்தான டெசர்பிடைனைச் சிறுநீர்ப் பெருக்கியுடன் சேர்த்துச் சோதித்தது. மீண்டும் பக்கவாதம் வருவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இங்கேதான் வரலாற்று மாணவர் நின்று நோக்க வேண்டும். ‘பலன் இல்லை’ என்பதும் ‘பலன் புலப்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. மிதமான பலனைக் காட்ட 452 பேர் போதாது. ஆயினும் தெளிவான விடை கிடைக்க மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1995இல் சீனாவில் 5,665 பேரிடம் நடந்த ஆய்வு, இண்டாபமைடு மாத்திரையால் மறுபக்கவாதம் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைவதைக் காட்டியது. 2001இல் ‘புரோகிரஸ்’ ஆய்வு 6,105 பேரிடம் அதனை உறுதிசெய்தது. பெரிண்டோபிரில் அடிப்படையிலான சிகிச்சையால் அழுத்தம் 9/4 மி.மீ. அளவே தாழ்ந்தது, மறுபக்கவாதம் 28 விழுக்காடு குறைந்தது. உயர் அழுத்தம் இல்லாதவரும் பயன்பெற்றனர். இண்டாபமைடையும் சேர்த்து உண்டவரிடம் குறைவு 43 விழுக்காடு.

2023இல் வெளியான ‘ஸ்பிரிண்ட் இந்தியா’ ஆய்வின் முடிவையும் இதே கவனத்துடன் வாசிக்க வேண்டும். 31 மையங்களில் 4,298 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், ஒரு பிரிவினருக்கு மட்டும் 12 மொழிகளில் குறுஞ்செய்தி, காணொளி, கையேடு வழியாகத் தடுப்பு முறைகள் கற்பிக்கப்பட்டன. ஓராண்டில் மறுபக்கவாதம், மாரடைப்பு, இறப்பு ஆகியவற்றின் கூட்டளவு குறையவில்லை. அவ்வாய்வு அளந்தது கற்பித்தலின் கூடுதல் பயனை; மருந்தின் பயனை அன்று. அதனை ‘மாத்திரையால் பயனில்லை’ என்று சுருக்குவோர் 1974ஆம் ஆண்டின் பிழையை மீண்டும் செய்வர். அதன் விலையைக் கொடுப்பவர், நலமாக இருப்பதாக எண்ணி மாத்திரையை நிறுத்திவிடும் நோயாளியே.