டப்பாவுக்குள் ஓர் எண்ணெய்க் கிணறு

1859 ஆகஸ்ட் மாதக் கடைசியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற ஊரில், எட்வின் டிரேக் போட்ட துளையில் ஏறத்தாழ 21 மீட்டர் ஆழத்தில் கச்சா எண்ணெய் ஊறியது. விளக்கெரிக்க எண்ணெய் தேடி ஊரே அங்கே திரண்டது. எண்ணெயோடு வேண்டாத பொருள் ஒன்றும் மேலே வந்தது. பம்புத் தண்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் கறுப்பு மெழுகு அது. அவ்வப்போது வழித்துப் போடாவிட்டால் பம்பு சிக்கிக்கொண்டு நின்றுவிடும். 'ராட் வாக்ஸ்' என்று அதைத் திட்டிக்கொண்டே சுரண்டிய தொழிலாளிகள், கையில் வெட்டுப்பட்டாலோ சூடுபட்டாலோ அதிலேயே கொஞ்சம் எடுத்துத் தடவிக்கொண்டார்கள்.

அந்தத் தொழிலாளிகள் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் இன்று ஒப்பனை மேசையில் பவுடருக்கும் கண் மைக்கும் நடுவே இருக்கும் பெட்ரோலியம் ஜெல்லியின் கதை அவர்கள் கையில்தான் தொடங்குகிறது. இந்தப் பொருளுக்குப் புதுப்புது வேலை கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் அதை விற்றவர்கள் அல்லர், தடவியவர்கள்.

ராபர்ட் செஸ்பரோவுக்கு அப்போது வயது 22. லண்டனில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த வேதியியலாளர். திமிங்கில எண்ணெயிலிருந்து விளக்குக்கான எண்ணெய் வடித்து விற்றுவந்தவருக்கு, மண்ணிலிருந்து வந்த எண்ணெய் பிழைப்பில் மண்ணைப் போட்டது. என்னதான் நடக்கிறது என்று பார்க்க டைட்டஸ்வில்லுக்கே போனார். எல்லோரும் கிணற்றைப் பார்த்தபோது அவர் தண்டில் ஒட்டிய கசடைப் பார்த்தார். கொஞ்சம் எடுத்துவந்து பல வருடங்கள் அதோடு மல்லுக்கட்டினார். லேசான எண்ணெய்களையெல்லாம் வடித்துப் பிரித்துவிட்டு, மிச்சத்தை எலும்புக் கரி வழியாக வடிகட்டினார். கரி நிறத்தையும் நாற்றத்தையும் பிடித்துக்கொள்ள, நிறம் வெளுத்த, மணமில்லாத களிம்பு கிடைத்தது.

1872 ஜூன் 4 அன்று 'வாசலின்' என்ற பெயரோடு அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஆவணத்திலேயே இது ஒரே வேலைக்கான பொருள் அல்ல என்பது தெரிந்துவிடுகிறது. தோல் பதனிட, இயந்திரத்துக்கு மசகாக, வெடித்த கைக்கு, தலைமுடிக்கு என்று பயன்களை அவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். செருப்புக்கும் கூந்தலுக்கும் ஒரே களிம்பா என்று இன்று நமக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். அவருக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை. குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய், ஜனங்கள் முன்னால் தன் தோலையே சுட்டுக்கொண்டு, மேலே இதைத் தடவிக் காட்டி விற்றார் என்பார்கள். தினமும் ஒரு கரண்டி விழுங்கினார் என்றும் சொல்வதுண்டு. அதை யாரும் பின்பற்ற வேண்டாம். அவர் 96 வயதுவரை இருந்தார் என்பது மட்டும் உண்மை.

ஒரு பொருளால் எப்படி இத்தனை வேலை செய்ய முடிகிறது? காரணம் மிக எளியது. பெட்ரோலியம் ஜெல்லி தோலுக்கு எந்தச் சத்தையும் தருவதில்லை. மேலே ஒரு மூடியாக இருந்து, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. தண்ணீரில் கரையாது. நெய், கொழுப்பு போலச் சிக்கு வாடை அடிக்காது. வழுக்கும், அதே நேரம் தடவிய இடத்தில் நிற்கும். இதைப் புரிந்துகொண்டால் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளித்துத் துடைத்த கையோடு, ஈரம் முழுசாக உலர்வதற்குள் பாத வெடிப்பில் தடவினால் பலன் தெரியும். காய்ந்து கிடக்கும் பாதத்தில் நள்ளிரவில் அப்பினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறோம்.

மருத்துவமும் இதே குணத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது. 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வில், சின்ன அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 900க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு ஆன்ட்டிபயாட்டிக் களிம்பும் மறுபாதிக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமித் தொற்றில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

ஒப்பனைக்குள் இது நுழைந்ததும் ஒரு வீட்டுக்குள்தான். 1915ஆம் ஆண்டுக் கதை இது. சிகாகோவில் மேபல் வில்லியம்ஸ் என்ற பெண், வாசலினோடு கரியைக் குழைத்து இமையிலும் புருவத்திலும் தீட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த சகோதரர் தாமஸ் லைல் வில்லியம்ஸ் அதேபோல் ஒன்றைத் தயாரித்துத் தபாலில் விற்கத் தொடங்கினார் என்பது மேபெலின் நிறுவனம் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. இன்று உலகெங்கும் விற்கும் அந்த மஸ்காராவின் பாட்டி, ஒரு பெண் கையில் இருந்ததை வைத்துச் செய்துகொண்ட மை.

அங்கிருந்து சினிமாவுக்குப் போனது. கேமரா லென்சுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் ஓரங்களில் மட்டும் லேசாக வாசலின் பூசினால் நடுவில் முகம் தெளிவாகவும் சுற்றிலும் பனி மூட்டமாகவும் தெரியும். கனவுக் காட்சிகளை இப்படியும் எடுத்தார்கள்.

நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1977 பொங்கல் வாரத்தில் சேப்பாக்கத்தில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட். இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர்கள் ஜான் லீவரும் பாப் வில்லிஸும், வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்க வாசலின் தோய்த்த வலைத்துணிப் பட்டையைப் புருவத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். லீவர் கழற்றிப் போட்ட பட்டை நடுவர் கண்ணில் பட்டது. அதை வைத்துப் பந்தைப் பளபளப்பாக்கினார்கள் என்று இந்தியக் கேப்டன் பிஷன் சிங் பேடி குற்றம் சாட்ட, விவகாரம் இரண்டு நாட்டுப் பத்திரிகைகளிலும் வெடித்தது. லீவர் மீது தவறில்லை என்றது இங்கிலாந்து தரப்பு. ஆட்டத்தில் இந்தியா 200 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

வாசலினை உண்டாக்கிய நிறுவனம் 1955இல் பாண்ட்ஸோடு இணைந்து செஸ்பரோ-பாண்ட்ஸ் ஆனது. 1987இல் யூனிலீவர் கைக்குப் போனது. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையும் அந்தக் குடும்பத்தின் வழியாக வந்ததுதான். பாதரசக் கழிவு வெளியே தெரிந்து, மக்கள் போராடி, 2001இல் அது மூடப்பட்டது. ஜெல்லிக்கும் பாதரசத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இந்தப் பெயரின் வரலாற்றை எழுதும்போது அந்த ஆலைத் தொழிலாளிகளை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். லிப்ஸ்டிக் தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் போடும் குழாயின் அடியைப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே நகக்கண் அளவுக்கு மிச்சம் இருக்கும். ஹேர்பின்னால் அதைச் சுரண்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, அதே அளவு பெட்ரோலியம் ஜெல்லி சேர்த்து, கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள். இளகியதும் குச்சியால் கலக்கி, கழுவிக் காயவைத்த சின்ன டப்பியில் ஊற்றி ஆறவிடுங்கள். உதட்டுக்கு மெல்லிய சாயம் கிடைக்கும். கன்னத்தில் ஒரு பொட்டு வைத்து விரலால் பரப்பினால் ரூஜ் வாங்க வேண்டாம். பரு வரும் சருமமாக இருந்தால் மட்டும் கன்னத்தை விட்டுவிட்டு உதட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தலைக்கு டை அடிக்கும் முன் நெற்றியோரத்திலும் காதிலும் பெட்ரோலியம் ஜெல்லியால் ஒரு கோடு இழுத்தால் கறை பிடிக்காது. தண்ணீருக்கு அசையாத கண் மையை, இமை மூடிய நிலையில் பஞ்சில் இதைத் தொட்டுத் துடைத்தால் இழுபறி இல்லாமல் வந்துவிடும். மணிக்கட்டில் முதலில் இதைத் தடவி, மேலே சென்ட் போட்டால் வாசனை கூடுதல் நேரம் நிற்கும். கண்ணாடி வளையல் கையில் ஏற மறுத்தால் இதுவே வழி. மெக்கானிக் கடையில் பேட்டரி முனையைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு மேலே தடவுவதும் இதைத்தான். காற்றும் ஈரமும் படாமல் முனை பூக்காது.

செய்யக் கூடாதவையும் உண்டு. தீப்புண்ணில் உடனே தடவாதீர்கள். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகளுக்கு வேறு வழியில்லை, நமக்குக் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. 20 நிமிடம் தண்ணீரில் காட்டி, பிறகு மருத்துவரிடம் போங்கள். சூட்டை உள்ளேயே பூட்டிவைப்பது புண்ணுக்கு ஆகாது. மூக்குத் துளைக்குள் நாள்தோறும் தடவும் பழக்கமும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் இறங்க வாய்ப்புண்டு. லேட்டக்ஸ் ஆணுறையோடு இதைச் சேர்த்தால் ரப்பர் வலுவிழந்து கிழியும். களிம்பு ஊறிய துணியும் கட்டும் சட்டென்று தீப்பற்றும், அடுப்படிக்குப் போகும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மருந்துக் கடையில் 'ஒயிட் பெட்ரோலியம் ஜெல்லி ஐ.பி.' (இந்திய மருந்தியல் தரநூலின் குறி) என்று கேட்டு, வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். முகத்துக்கு ஒரு டப்பா, கால் வெடிப்புக்கு ஒன்று, வண்டிக்கும் பூட்டுக்கும் இன்னொன்று என்று தனித்தனியாகப் பெயர் எழுதி வையுங்கள். ஒரே டப்பாவில் எல்லோரும் விரலை விடாதீர்கள்.