இரட்டிப்புத் தொகையும் மறுக்கப்பட்ட மணவிலக்கும்: ஸ்னைடர் கொலை வழக்கில் (1927) நோக்கம் பற்றிய மறுவாசிப்பு

1927 மார்ச் 20, ஞாயிறு அதிகாலை. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், படகுப் பத்திரிகை ஒன்றின் கலை ஆசிரியரான ஆல்பர்ட் ஸ்னைடர் தம் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். சன்னல் சட்டத்துக்குள் தொங்கும் இரும்பு எடையால் தலையில் அடித்து, மூக்கில் குளோரோஃபார்ம் பஞ்சை அடைத்து, படம் மாட்டும் கம்பியால் கழுத்தை இறுக்கியிருந்தார்கள். கொன்றவர்கள் அவருடைய மனைவி ரூத்தும், ரூத்தின் காதலர் ஜட் கிரேயும். கிரே பெண்களின் இடைக்கச்சு விற்கும் பயண விற்பனையாளர். அவருக்கும் மனைவியும் மகளும் இருந்தார்கள். 1928 ஜனவரி 12 இரவு சிங் சிங் சிறையின் மின் நாற்காலியில் ஒருவர் பின் ஒருவராக இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

யார் செய்தார்கள் என்பதில் அன்றும் இன்றும் ஐயமில்லை. ஏன் செய்தார்கள் என்பதில்தான் விளக்கங்கள் இரண்டாகப் பிரிகின்றன: கள்ளக் காதல் என்பது ஒன்று, காப்பீட்டுப் பணம் என்பது மற்றொன்று. இப்பிரிவினையே தவறு என்பது என் வாதம். அக்காலத்து நியூயார்க்கின் மணவிலக்குச் சட்டமும் ஆயுள் காப்பீட்டு வணிகமும் சேர்ந்து இவ்விரண்டையும் ஒரே நோக்கமாக இறுக்கிக் கட்டியிருந்தன. அந்த முடிச்சைப் பார்க்காமல் இவ்வழக்கைப் படிப்பவர்கள் பாதி வழக்கைத்தான் படிக்கிறார்கள்.

முதலில் பாலிசியைப் பார்ப்போம். சிறு தொகைக்கான காப்பீடு என்று நம்பி ஆல்பர்ட் கையெழுத்திட்டார். முகவரின் துணையுடன் அவர் பெயரில் எடுக்கப்பட்டதோ ஏறக்குறைய 50,000 டாலருக்கானது. விபத்தாலோ வன்செயலாலோ இறந்தால் தொகை இரட்டிப்பாகும் என்ற பிரிவும் அதில் இருந்தது. பிரீமியத்தை ரூத் கணவருக்குத் தெரியாமல் கட்டிவந்தார். ஆத்திரத்தில் நடந்த கொலைக்கு முந்தைய ஆவணம் இருப்பதில்லை. இங்கே ஆவணம் இருந்தது. அதில் தேதியும் இருந்தது. திட்டமிட்ட கொலை என்பதை நிறுவ, காதல் கதையைவிட இந்தக் காகிதமே அரசுத் தரப்புக்கு வலுவாக உதவியது.

கொலைக்குப் போட்ட வேடத்தையும் இந்த இரட்டிப்புப் பிரிவின் வெளிச்சத்தில்தான் விளங்கிக்கொள்ள முடியும். கணவர் இல்லாமல் போவது மட்டுமே தேவை என்றால், நோயாகத் தோன்றும் ஒரு சாவு போதும். அதில் போலீசார் வரும் வாய்ப்பும் குறைவு. நோயில் இறந்தவருக்கோ இரட்டிப்புத் தொகை கிடையாது. அந்நியர் கையால் கொலையுண்டவரின் சாவு, இறந்தவர் நிலையிலிருந்து பார்த்தால் எதிர்பாராதது. ஆகவே இரட்டிப்புக்குள் வரும். வீட்டைக் கலைத்துப்போட்டதும், ரூத்தைக் கட்டிப்போட்டதும், கொள்ளையர் இத்தாலியர் என்று காட்ட ஓர் இத்தாலிய நாளிதழை விட்டுச் சென்றதும் இந்தப் பின்னணியில் பொருள்படுகின்றன. விசாரணையில் பேசப்பட்ட முந்தைய முயற்சிகளில் நஞ்சும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அது என் வாதத்துக்கு இடைஞ்சல்தான். ஆனால் எரிவாயுக் கசிவு போல விபத்தாகத் தோன்றக்கூடியவையும் அவற்றில் இருந்தன. இறுதியில் தேர்ந்துகொண்ட வழியும் இரட்டிப்புக்குப் பொருந்தியதே.

வேடம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. கொள்ளை போனதாக ரூத் சொன்ன நகைகள் அவர் மெத்தைக்கு அடியிலேயே கிடைத்தன. ‘ஜே. ஜி.’ என்ற எழுத்துகள் பொறித்த ஊசி ஒன்று போலீசார் கையில் கிடைத்தது. அது ஆல்பர்ட் மணக்கவிருந்து, அதற்குமுன் இறந்துபோன பெண்ணின் நினைவுப் பொருள். அதே முதலெழுத்துகள் கொண்ட ஜட் கிரே பற்றிப் போலீசார் கேட்டபோது ரூத் தடுமாறினார். அந்தப் பெண்ணின் படத்தை ஆல்பர்ட் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். தம் படகுக்கும் அவர் பெயரையே சூட்டியிருந்தார். மனைவியின் முன் அவரைப் புகழ்வதும் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெண் இதற்கிடையே வாழ்ந்தார் என்பது கொலைக்கு நியாயம் ஆகாது. ஆனால் அடுத்த கேள்விக்கு அது வாசல்: ரூத் ஏன் பிரிந்து போகவில்லை?

நியூயார்க் மாநிலத்தில் 1787 முதல் மணவிலக்குக்கு ஒரே காரணம்தான் செல்லும்: பிறழுறவு. கொடுமையோ, புறக்கணிப்போ, இறந்தவளின் நினைவோடு கணவர் நடத்தும் குடித்தனமோ கணக்கில் வராது. குற்றமற்ற தரப்புதான் மனுப்போட முடியும். ரூத்துக்குக் காதலர் உண்டு. ஆகவே மனுப்போடும் தகுதி ஆல்பர்ட்டுக்கே இருந்தது. உண்மை வெளிப்பட்டால் ரூத் ஜீவனாம்சமும் இல்லாமல், மகளையும் இழந்து வெளியேற நேரலாம். அதே மாநிலத்தில், ஒரு முகவரின் ஒத்துழைப்பு இருந்தால் கணவரின் உயிருக்கு அவரறியாமல் பெருந்தொகைக் காப்பீடு எடுப்பது நடக்கக்கூடியதாக இருந்தது. பிரிந்தால் வறுமை, கைம்பெண் ஆனால் செல்வம் என்ற நிலையைச் சட்டமும் சந்தையும் சேர்ந்தே உருவாக்கின. காமம் விடுதலையைக் கேட்டது. விடுதலைக்குச் சட்டம் வைத்த விலை பணப் பிரச்சினையாக மாறியது. நான் சொல்லும் முடிச்சு இதுதான்.

நீதிமன்றமோ இதை அவிழ்த்துப் பார்க்கவில்லை. லாங் ஐலண்ட் சிட்டியில் நடந்த விசாரணையில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். காப்பீட்டுத் திட்டத்துக்குப் பின்னால் நின்றவர் கிரே என்றார் ரூத். தம்மை ஆட்டிவைத்தவர் ரூத் என்றார் கிரே. தனித்தனி விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஜூரியில் பன்னிரண்டு பேரும் ஆண்கள். நியூயார்க்கில் பெண்கள் ஜூரியில் அமர 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரிகைகள் ரூத்தை உணர்ச்சியற்ற கல்லாகவும், கிரேயை யாரும் வளைக்கக்கூடிய பசையாகவும் வரைந்தன. டேமன் ரன்யன் போன்ற பெயர்பெற்ற எழுத்தாளர்கள் வந்து உட்கார்ந்து எழுதினார்கள். தண்டனை நிறைவேறிய கணத்தை, கணுக்காலில் மறைத்துக் கட்டிய கேமராவால் டாம் ஹவர்ட் படம் பிடித்தார். ‘டெய்லி நியூஸ்’ அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. ஒரு மனுஷி சாகும் நொடியை விற்பனைக்கு வைத்த அந்தச் செயல் இன்றும் எனக்கு அருவருப்பையே தருகிறது. இத்தனை ஆரவாரத்தில் ஆல்பர்ட் ஏறக்குறைய மறைந்தே போனார். கொல்லப்பட்டவர் தம் கொலை வழக்கிலேயே துணைப்பாத்திரம் ஆனார் என்பது இவ்வழக்கின் பேசப்படாத அநீதி.

பிரிவினை இலக்கியத்திலும் தொடர்ந்தது. பத்திரிகையாளராகவும் இருந்த சோஃபி டிரெட்வெல் எழுதிய ‘மெஷினல்’ நாடகம் 1928இல் அரங்கேறியது. மூச்சுமுட்டும் மணவாழ்விலிருந்து தப்பக் கணவனைக் கொல்லும் பெண்ணை அது காட்டுகிறது. கொலையைத் தூண்டும் காப்பீட்டுக்கு அதில் இடமில்லை. ஜேம்ஸ் எம். கெய்ன் 1936இல் தொடராக எழுதிய ‘டபுள் இண்டெம்னிட்டி’ நாவலில் காப்பீடே அச்சாணி. மெய்யான வழக்கில் காதலர் ஒருவர், முகவர் வேறொருவர். கெய்ன் இருவரையும் ஒரே ஆளாக்கி, முகவனையே காதலனும் கொலைகாரனும் ஆக்கினார். காமமும் காசும் ஒரே உடம்பில் குடியேறிய அந்தப் பாத்திரத்தில், நாளிதழ்கள் தவறவிட்ட உண்மைக்குக் கெய்ன் மிக அருகில் வந்தார். ஆனால் மணவிலக்கு கிடைக்காத பெண்ணின் நெருக்கடி அவர் கதையை நடத்தவில்லை. டிரெட்வெல் விட்டதைக் கெய்ன் எடுத்தார். கெய்ன் விட்டது டிரெட்வெல்லிடம் இருக்கிறது.

ஒப்பிட ஓர் இந்திய வழக்கு உதவும். 1911இல் ஆக்ராவில் எட்வர்ட் ஃபுல்லம் என்ற ஆங்கிலேய அலுவலரை அவர் மனைவி அகஸ்டாவும், அகஸ்டாவின் காதலரான மருத்துவர் ஹென்றி கிளார்க்கும் நஞ்சிட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டு கிளார்க்கின் மனைவி கூலிக் கொலையாளிகளால் கொல்லப்பட்டார். 1869ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டம் கணவனுக்கு மனைவியின் பிறழுறவு ஒன்றே போதும் என்றது. மனைவியோ கணவனின் பிறழுறவோடு கொடுமை போன்ற வேறொன்றையும் காட்ட வேண்டும். ஃபுல்லம் கொலையின் மையத்தில் இரட்டிப்புக் காப்பீடு இல்லை; அவர் சாவு நோயாகக் காட்டப்பட்டது. பின்னர் வழக்கை உடைத்தவை பாலிசிகள் அல்ல, அகஸ்டா எழுதிக் குவித்த கடிதங்கள். அடைத்த கதவு இரு ஊர்களிலும் உண்டு. குவீன்ஸில் கொலைக்குக் கொள்ளை வேடம் தேவைப்பட்டதற்குக் காப்பீட்டுப் பிரிவே காரணம் என்ற என் கருத்துக்கு இந்த வேறுபாடு துணை நிற்கிறது.

கொலைகாரர் தம் செயலால் பயன் பெறக்கூடாது என்ற விதி நியூயார்க்கில் ரூத்துக்கு முன்பே இருந்தது. தாத்தாவுக்கு நஞ்சிட்ட பேரனுக்குச் சொத்தை மறுத்த ரிக்ஸ் எதிர் பாமர் தீர்ப்பு 1889இல் வந்தது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதையே சொல்கிறது. இவ்விதி பிடிபட்டவரைத்தான் தொடும்; பிடிபட மாட்டோம் என்று நம்பித் திட்டமிடுபவரை அது தடுப்பதில்லை. பிரிந்து போகும் வழியை நியூயார்க் அகலப்படுத்தியது 1966இல்: கொடுமையையும் கைவிடலையும் மணவிலக்குக்குக் காரணங்களாக ஏற்ற சட்டம் அந்த ஆண்டுதான் நிறைவேறியது.