"ஒன்றும் இல்லை" என்ற வியாதி



போன வாரம் செஞ்சி பஸ் நிலையத்தில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். "சார், ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு கல்லு மாதிரி ஆயிடுது. ஒரு வருஷமா இப்படித்தான். கேமரா விட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கறாங்க. வீட்ல பிரமைங்கறாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை என் மனைவியிடம் நானும் பல வருடம் சொன்னவன்தான். அதனால்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நம் சித்த மருத்துவத்தில் இதற்கு நெருங்கிய பெயர் குன்மம். யூகி முனிவரின் வைத்திய சிந்தாமணி அதை எட்டாகப் பிரிக்கிறது. அதில் எரி குன்மம், வலி குன்மம் என்று உண்டு. நோயாளி சொல்லும் சொல்லே நோயின் பெயர்! (குன்மத்தில் அல்சரும் அடங்கும், இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை.)

1957இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் வளையும் கண்ணாடி இழைக் குழாயால் இரைப்பையின் உள்ளே பார்த்தார். அந்தக் குழாய் பரவிய பிறகு, வயிற்று உபாதை என்று வந்தவர்களில் பலருக்குப் புண்ணே இல்லை என்பது தெரிந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இரைப்பைக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். மார்ஷல் அதைத் தானே குடித்தும் பார்த்தார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அல்சருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புண் இல்லாதவர்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள்.

அவர்களுக்கு வழி பிறந்தது ரோமில். 1988இல் அங்கு நடந்த உலக மாநாட்டையொட்டித் தொடங்கிய வேலை, நோயாளி சொல்வதையே அளவுகோலாக்கியது. 2016இல் வந்த நான்காம் பதிப்பு சொல்வது இது: சாப்பிட்டபின் வயிறு கனப்பது, கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் என்றாவது, மேல்வயிற்றில் வலி, மேல்வயிற்றில் எரிச்சல். இதில் ஒன்றாவது அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். முதல் இரண்டு என்றால் வாரம் 3 நாளாவது, பின் இரண்டு என்றால் வாரம் ஒரு நாளாவது. தொடங்கி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். கடைசி 3 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும். கேமராவில் காரணம் எதுவும் தெரியக் கூடாது. டாக்டர்கள் இதைப் 'பங்ஷனல் டிஸ்பெப்சியா' என்று எழுதுவார்கள்.

இதில் பிரமை எங்கே? பலருக்குச் சோறு இறங்கும்போது இரைப்பையின் மேல்பகுதி சரியாகத் தளர்ந்து இடம் கொடுப்பதில்லை. சிலருக்கு அங்குள்ள நரம்புகள் சின்ன விஷயத்துக்கும் அலறுகின்றன. மனக்கவலை அதைக் கூட்டும், உண்மைதான்.

ஆனால் உடல் மெலிந்தால், மலம் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால், விழுங்கச் சிரமம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அவனிடமும் இதைத்தான் சொன்னேன்.

அன்று இரவு மனைவியிடம் இதையெல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத நான் சொன்னப்ப நம்பல, ரோம்காரன் சொன்னா நம்புறீங்க" என்றாள்.