பின்னியின் தோட்ட வீடு

அணுபுரத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் சென்னை நோக்கிப் போகிறவர்களுக்கு வலப்பக்கம் கடலைவிட மதில்சுவர்தான் அதிகம் தெரியும். பட்டணத்துக் காசு கட்டிய தோட்ட வீடுகள் அவை; பல இன்று ரிசார்ட்டுகள். இந்த ஆசை சென்னைக்குப் பழையது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையோடு வெள்ளைக்காரர்கள் வீடு கட்டப் போன வெளியூர், இன்றைய அண்ணா சாலைப் பக்கம்.

அப்போது அதற்குச் சவுல்ட்ரி பிளெயின் என்று பெயர். ஜார்ஜ் கோட்டைக்குள் நெரிசல், புழுக்கம். வெளியே போகலாம் என்றால் ஹைதர் அலியின் குதிரைப்படை பயம். 1769இல் அது மதராஸின் வாசல் வரை வந்தே விட்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் ஹைதரின் மகன் திப்பு விழுந்தபின் அந்தக் கவலை ஓய்ந்தது; தோட்ட வீடுகள் பெருகின. ஏக்கர் கணக்கில் தோப்பு, நடுவே தூண் வைத்த வெள்ளை பங்களா, அகல வராந்தா. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து மெழுகிய சுவர்களைப் பளிங்கு என்றே நினைத்த பயணிகள் உண்டு.

அப்படியொரு தோட்ட வீட்டில் இருந்தவர் ஜான் பின்னி. ஆர்க்காட்டு நவாபிடம் வேலை பார்த்துவிட்டு வியாபாரத்தில் இறங்கியவர். அவர் தொடங்கிய கம்பெனிதான் பிற்பாடு பெரம்பூரில் பின்னி மில்லாக வளர்ந்தது. வீட்டுக்குப் போன பாதை இன்னும் பின்னி சாலைதான்.

பின்னிக்குப் பிறகு வீடு கைமாறியது. 1854இல் ஒரு முதலியார் அங்கே இம்பீரியல் ஹோட்டலைத் திறந்தார். ஊரும் அதற்குள் மவுண்ட் ரோடு என்ற அண்ணா சாலை நெடுக வளர்ந்து வாசலுக்கே வந்திருந்தது. கோட்டையிலிருந்து ஒதுங்கிப் போகக் கட்டிய வீடு, ஊருக்கு வருகிறவர்கள் இறங்கும் இடமாகிவிட்டது.

1886இல் பெயர் ஆல்பனி. 1890இல் கன்னிமரா. மூன்றாவது பெயர் அப்போதைய ஆளுநர் கன்னிமரா பிரபுவுடையது. எழும்பூர் நூலகத்துக்கும் அவர் பெயர்தான். ஹோட்டலின் பெயருக்குப் பின்னால் ஒரு வம்பும் இருக்கிறது. ஆளுநரின் மனைவி சூசன், டல்ஹௌசி பிரபுவின் மகள். கணவரின் நடத்தை பொறுக்காமல் ஆளுநர் மாளிகையை விட்டு இந்த ஹோட்டலுக்கு வந்து தங்கினார் என்று சென்னையில் ஒரு பழங்கதை சொல்வார்கள். 1890இல் விவாகரத்து நடந்தது உண்மை. பிறகு அந்த அம்மாள் மணந்துகொண்டது ஆளுநரின் டாக்டரை! மனைவி அடைக்கலம் புகுந்த இடத்துக்குக் கணவன் பெயரை வைத்தவருக்குக் குசும்பு இருந்ததா, வெறும் விசுவாசமா? குசும்பு என்று நம்பத்தான் எனக்கு ஆசை.

அடுத்து வந்தவர் ஸ்பென்சர் கடை முதலாளி யூஜின் ஓக்‌ஷாட். கடைக்குப் பக்கத்திலேயே ஹோட்டல். கப்பலில் வந்தவருக்குச் சுருட்டிலிருந்து படுக்கை வரை ஒரே முதலாளியிடம் கிடைத்தது. 1930களில் ஸ்பென்சர்காரர்கள் கட்டடத்தைப் புதிதாகவே எழுப்பினார்கள். 1937இல் ஆர்ட் டெகோ முகப்போடு ஹோட்டல் திறந்தது. பின்னியின் வீட்டை இனி அந்தச் சுவர்களில் தேடிப் பயனில்லை. மிஞ்சியது இடமும் வளைவான சாலையும்தான்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய மாற்றம். 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா உள்ளே வந்தார். புதுப் பகுதியை நீச்சல் குளத்தைச் சுற்றி அமைத்து, அறைகளை நிழலையும் தண்ணீரையும் பார்க்கத் திருப்பினார். தோட்ட வீட்டின் குணம் தெரிந்தவர் செய்த வேலை.

தாஜ் குழுமம் 1974இல் கோவளம் கடற்கரையில் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஹோட்டலைத் திறந்தது. பத்து ஆண்டு கழித்துக் கன்னிமராவும் தாஜ் நிர்வாகத்துக்கு வந்தது. இங்கே தூங்குமூஞ்சி மரத்தடியில் செட்டிநாட்டுச் சாப்பாடு போட்ட 'ரெயின்ட்ரீ' பேர் வாங்கியது. கொஞ்ச காலம் ஹோட்டலின் பெயரோடு விவாந்தா என்று சேர்த்துப் பார்த்தார்கள். 2018இல் புதுப்பித்துத் திறந்தபோது பலகையில் தாஜ் கன்னிமரா.