ஒரு மாட்டு வண்டி = எட்டு கார்

பி.காம். படித்தவனுக்கும் சாலைப் பொறியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தேசிய நெடுஞ்சாலை ஒன்றின் கடன் கோப்பு மேஜைக்கு வரும்வரை எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போக்குவரத்து முழுவதும் அதில் 'பி.சி.யு.' கணக்கில் இருந்தது. எல்லா வண்டியையும் கார் என்ற ஒரே நாணயத்துக்கு மாற்றுவது. டாலரையும் யென்னையும் ரூபாயாக்குகிற மாதிரி. நமக்குத் தெரிந்த வேலைதானே என்று தோண்ட ஆரம்பித்தேன்.

ஒரு சாலை எவ்வளவு தாங்கும் என்பதை வண்டிகளை எண்ணி மட்டும் சொல்லிவிட முடியாது. நள்ளிரவில் ஒரு மணி நேரத்துக்குச் சில வண்டிகள்தான் கடக்கும். சரியான நெரிசலிலும் அதே கதைதான். இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ். 1930களில் ஓஹியோ சாலையோரத்தில் மூவி கேமராவை வைத்துச் சீரான இடைவெளியில் படம் எடுத்தார். அடுத்தடுத்த படங்களில் கார் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வேகம் தெரியும். ஒரு படத்தில் எத்தனை கார் என்று எண்ணினால் நெருக்கம் தெரியும். நெருக்கம் கூடக்கூட வேகம் நேர்கோட்டில் இறங்குகிறது என்றார். அப்படியானால், காலிச் சாலையில் போகிற வேகத்தில் பாதிக்கு வரும்போதுதான் அதிகபட்ச வண்டிகள் கடக்கும்! (கைவசம் அவருக்கு இருந்த புள்ளிகள் கொஞ்சம்தான். பின்னால் வந்தவர்கள் கோட்டை வளைத்தார்கள்.) 1950இல் வந்த அமெரிக்கக் கையேடு, நல்ல நிலையிலுள்ள பலதடச் சாலையில் தடத்துக்கு மணிக்கு 2,000 கார் என்றது.

அதெல்லாம் கார் மட்டும் ஓடும் சாலைக்கு. நம் சாலைக்கு?

இந்தியச் சாலைக் காங்கிரஸ் (1934இல் தொடங்கியது, கட்சி அல்ல!) ஊருக்கு வெளியே உள்ள சாலைகளுக்காக 1990இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஸ்கூட்டர் 0.5, சைக்கிளும் 0.5, லாரி 3, குதிரை வண்டி 4, மாட்டு வண்டி 8! மாடு அடைக்கிற இடத்துக்காக அல்ல. அதன் பின்னால் முந்த வழியில்லாமல் ஊர்கிற வரிசைக்காக. 2017இல் உருவான இந்தியக் கையேடோ வேகத்தையும் வண்டி அடைக்கும் பரப்பையும் வைத்து பி.சி.யு.வைக் கணக்கிடுகிறது; நெரிசலுக்கு ஏற்ப மதிப்பும் மாறும். மாற்று விகிதம் ஏறி இறங்குவது வங்கிக்காரனுக்கு ஒன்றும் புதிதில்லை.

கோப்புக்கு வருகிறேன். தேசிய நெடுஞ்சாலையில் பைக்கும் மாட்டு வண்டியும் சுங்கம் கட்டுவதில்லை. சாலையை நிரப்பும், கல்லாவை நிரப்பாது. வரவுப் பக்கத்திலோ மொத்த பி.சி.யு.வையும் சுங்கக் கட்டணத்தால் பெருக்கி வைத்திருந்தார்கள்.

திருப்பி அனுப்பிவிட்டேன்.