சிறாரின் செல்பேசிச் செய்திகளைப் பெற்றோர் கண்காணித்தல்

சிறாரின் செல்பேசிச் செய்திகளைப் பெற்றோர் கண்காணித்தல் என்பது, 18 வயது நிறையாத பிள்ளைகள் செல்பேசி வழியாகப் பெறும் அல்லது அனுப்பும் குறுஞ்செய்திகள், அரட்டைகள், படங்கள் ஆகியவற்றைப் பாதுகாப்புக் கருதிப் பெற்றோர் பார்வையிடுவதாகும். இது பிள்ளை அறியச் செய்வது, அறியாமல் செய்வது என இரு வகைப்படும். பாலியல் நோக்குடன் அணுகுவோர், மிரட்டல், சக மாணவரின் துன்புறுத்தல், பண மோசடி ஆகியவற்றிலிருந்து காப்பது இதன் நோக்கமாகும். இது பிள்ளையின் அந்தரங்கத்தை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது.

தமிழ்நாட்டில் பின்னணி

2017 ஆம் ஆண்டில் "நீலத் திமிங்கலம்" எனப்பட்ட இணைய விளையாட்டைப் பற்றிய அச்சம் இந்தியா முழுவதும் பரவியது. மதுரை மாவட்ட மாணவர் ஒருவரின் இறப்பு இதனுடன் தொடர்புபடுத்தப்பட்டதை அடுத்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பிள்ளைகளின் செல்பேசியைக் கவனிக்குமாறு பெற்றோர் பரவலாக அறிவுறுத்தப்பட்டனர். எனினும் ஆராயப்பட்ட நிகழ்வுகளில் இவ்விளையாட்டின் பங்கு நிறுவப்படவில்லை என நடுவண் அரசு 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

2020 மார்ச்சில் கொரோனா பரவலால் பள்ளிகள் மூடப்பட்டன. இணையவழி வகுப்புகளுக்காகப் பல சிறாரின் கைக்குச் செல்பேசி வந்தது. 2021 மே மாதத்தில் சென்னை கே. கே. நகரிலுள்ள தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர், மாணவியருக்குத் தகாத செய்திகள் அனுப்பியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் கைது செய்யப்பட்டார். இது பெற்றோரின் கண்காணிப்பால் வெளிவரவில்லை. முன்னாள் மாணவியர் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் பேசியதால் வெளிவந்தது. இதன் பின்னர் இணையவழி வகுப்புகளைப் பதிவு செய்யுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது.

வழிமுறைகள்

* நேரடிப் பார்வை: பெற்றோர் பிள்ளையின் செல்பேசியை வாங்கிப் பார்ப்பது. செலவில்லாதது. அழிக்கப்பட்ட செய்திகளும், குறித்த காலத்தில் தாமாக மறையும் செய்திகளும் இதில் தென்படா.
* இயங்குதளக் கருவிகள்: கூகுளின் ஃபேமிலி லிங்க் (2017), ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் (2018) போன்றவை. இவை பயன்பாட்டு நேரத்தைக் காட்டும், செயலிகளைக் கட்டுப்படுத்தும். செய்தியின் உள்ளடக்கத்தைப் பெற்றோருக்குக் காட்டுவதில்லை.
* உளவு மென்பொருள்: செல்பேசியில் மறைந்திருந்து செய்திகளை நகலெடுத்து, அதனை விற்ற நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புவது. பெற்றோர் அங்கிருந்து படிக்கின்றனர்.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் முழுமையான இருமுனைக் குறியாக்கத்துக்கு மாறியது. இதனால் வழியில் செல்லும் செய்தியை இடையில் உள்ளவர் படிக்க இயலாது. ஆயினும் அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் கருவிகளில் அது படிக்கக்கூடிய வடிவிலேயே இருக்கும். உளவு மென்பொருள் செயல்படுவது இம்முனையிலேயாகும்.

இடர்கள்

உளவு மென்பொருளை நிறுவுவதற்குச் செல்பேசியின் பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றை முடக்க நேரிடும். பெற்றோருக்கென விற்கப்பட்ட டீன்சேஃப் என்ற செயலியின் வழங்கி 2018 இல் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது கண்டறியப்பட்டது. சிறாரின் ஆப்பிள் கணக்கு முகவரிகளும் கடவுச்சொற்களும் குறியாக்கம் செய்யப்படாமல் அதில் இருந்தன. இரட்டைச் சரிபார்ப்பை நிறுத்தினால் மட்டுமே அச்செயலி இயங்கும் என்பதால், கடவுச்சொல்லைப் பெற்ற எவரும் அக்கணக்கினுள் நுழைய முடியும். காப்பதற்காக நிறுவப்பட்ட கருவியே பிள்ளையை அயலாருக்கு வெளிப்படுத்தியது. 2021 இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், ஸ்பைஃபோன் என்ற நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே தடை செய்தது.

இரகசியக் கண்காணிப்பு வெளிப்படும்போது, பிள்ளை வேறு கணக்குக்கோ நண்பரின் செல்பேசிக்கோ மாறக்கூடும். அதன்பின் ஆபத்து நேர்ந்தாலும் பெற்றோரிடம் சொல்லத் தயங்கும்.

சட்ட நிலை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறாரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதை நிறுவனங்களுக்குத் தடை செய்கிறது. தனிப்பட்ட, இல்லப் பயன்பாட்டுக்காக ஒருவர் தரவைக் கையாள்வது இச்சட்டத்தின் வரம்பில் இல்லை. எனவே பெற்றோர் படிப்பதை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

இந்தியா 1992 இல் ஏற்ற ஐ. நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16 ஆம் உறுப்பு, குழந்தையின் அந்தரங்கத்தையும் கடிதப் போக்குவரத்தையும் காக்கிறது. பெற்றோரின் கண்காணிப்பு தேவைக்கேற்ற அளவிலும், பிள்ளையின் வளரும் திறனுக்குப் பொருந்தியும் அமைய வேண்டும் என அவ்வுடன்படிக்கையின் குழு 2021 இல் விளக்கியது. இதன்படி 8 வயதுச் சிறுவனுக்குப் பொருந்துவது 16 வயது மாணவிக்குப் பொருந்த வேண்டியதில்லை.

தீங்கான செய்தி தெரியவந்தால்

பாலியல் நோக்குடன் ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப மின்னணு வழியில் தொடர்புகொள்வது, 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி பாலியல் தொல்லையாகும். இதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குற்றத்தை அறிந்தவர் புகாரளிப்பது 19 ஆம் பிரிவின்படி கட்டாயம். எனவே பெற்றோர் செய்தியைப் படித்தறிந்தபின் மௌனமாக இருப்பதும் குற்றமாகலாம்.

புகாரை உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே அளிக்கலாம். எடுத்துக்காட்டாக, ஆதம்பாக்கத்தில் வசிப்பவர் ஆதம்பாக்கம் காவல் நிலையத்தை அணுகலாம். குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்ற உதவி எண் 1930. செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது சான்றுக்கு உதவும். குழந்தையின் ஆபாசப் படம் இருப்பின், அதனை உறவினருக்கோ பள்ளிக் குழுவுக்கோ அனுப்புதல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆ பிரிவின்படி குற்றமாகும்.

இவற்றையும் பார்க்க

* போக்சோ சட்டம்
* குழந்தை உரிமைகள்
* குறியாக்கம்